ஒரு குடும்பம், பல பேக்கேஜ்கள்: பதிப்பு எண்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே குழு எழுதி, பல பேக்கேஜ்களாக (தனித்தனியாக நிறுவக்கூடிய நிரல் தொகுப்புகளாக) பிரித்து வெளியிடும் லைப்ரரிகளுக்குப் பதிப்பு எண் எப்படிக் கொடுப்பது என்பது பற்றிய கேள்விகள் இவை. லைப்ரரி எழுதுகிறவர்களை மனதில் வைத்துத்தான் பதில் எழுதியிருக்கிறேன். அவற்றைப் பயன்படுத்துகிறவர்களுக்கும் தங்கள் பில்டு (நிரலைத் தொகுத்து உருவாக்கும் வேலை) ஏன் திடீரென்று உடைந்தது என்று புரிய இது உதவலாம்.

எதை ஒரு குடும்பம் என்கிறீர்கள்?

ரூபி ஆன் ரெயில்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். ரெயில்ஸ் என்ற ஒரு ஜெம்மை (ரூபியில் பேக்கேஜுக்கு அந்தப் பெயர்) நிறுவினால் ஆக்டிவ் ரெக்கார்டு, ஆக்‌ஷன் பேக், ஆக்டிவ் சப்போர்ட் என்று பல ஜெம்கள் கூடவே இறங்கும். ஜாவாவில் ஜாக்சன் இன்னொரு குடும்பம்: கோர், அனோட்டேஷன்ஸ், டேட்டாபைண்டு என்று மூன்று அடிப்படைப் பேக்கேஜ்கள், அவற்றுக்கு மேலே எக்ஸ்எம்எல், யாமல் போன்றவற்றுக்குத் தனித்தனி மாட்யூல்கள். ஜாவாஸ்கிரிப்டில் ஆங்குலர், பேபல், ரியாக்ட் எல்லாம் இப்படித்தான். ஒவ்வொன்றையும் தனியாக நிறுவ முடியும், ஒவ்வொன்றும் ஒரு பதிப்பு எண்ணோடு வரும். ஆனால் பயன்படுத்துகிறவர் மொத்தத்தையும் ஒரே பொருளாகத்தான் நினைக்கிறார். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

செமாண்டிக் வெர்ஷனிங்கை ஒழுங்காகப் பின்பற்றினால் போதாதா?

போதாது. கிட்ஹப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான டாம் பிரெஸ்டன்-வெர்னர் எழுதிய விதிகள் அவை. இன்று புழக்கத்தில் இருக்கும் 2.0.0 பதிப்பு 2013இல் வந்தது. மூன்று எண்கள். பழைய நிரல் உடையும்படி மாற்றினால் முதல் எண், உடையாமல் புதிதாக ஒன்றைச் சேர்த்தால் இரண்டாவது, பிழை திருத்தம் மட்டும் என்றால் மூன்றாவது ஏறும். மேஜர், மைனர், பேட்ச்.

இந்த எண் ஒரு பேக்கேஜை அதன் சொந்தப் பழைய பதிப்போடு மட்டுமே ஒப்பிடுகிறது. 1.4.2இலிருந்து 1.5.0க்குப் போனால் என் நிரல் உடையாது என்று அது சொல்லும். உங்கள் கோர் 1.5.0ஆக இருக்கும்போது பக்கத்தில் இருக்கும் யாமல் மாட்யூல் எந்த எண்ணில் இருக்க வேண்டும் என்று அது சொல்லவே சொல்லாது. குடும்பமாக வெளியிடும்போது பயனருக்கு முதலில் தேவைப்படுவது இந்த இரண்டாவது பதில்தான்: எதோடு எது சேரும்? அதைச் சொல்ல வேண்டிய கடமை லைப்ரரி எழுதியவருக்கு உண்டு என்பது என் உறுதியான கருத்து. பயனர் ஒவ்வொருவரும் தானே முயன்று பார்த்துக் கண்டுபிடிக்கட்டும் என்று விடுவது நியாயமில்லை. கீழே வரும் எல்லா வழிகளும் அந்தப் பதிலைச் சொல்லும் வெவ்வேறு முறைகள்.

எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்துவிட்டால் என்ன?

நல்ல வழி, பலர் அதைத்தான் செய்கிறார்கள். ரெயில்ஸ் 7.0.4 என்றால் ஆக்டிவ் ரெக்கார்டும் 7.0.4தான். ரெயில்ஸ் ஜெம் தன் சகோதர ஜெம்களை 'சரியாக இந்த எண்' என்றே கேட்கும், கொஞ்சம் முன்பின் இருந்தால்கூட ஏற்காது. சிம்ஃபனியின் காம்பொனென்ட்களும், க்யூடியின் அடிப்படை மாட்யூல்களும் இதே முறையில்தான் வெளிவருகின்றன.

லாபம் வெளிப்படையானது. 'எந்தப் பதிப்பு பயன்படுத்துகிறீர்கள்?' என்று கேட்டால் ஒரே எண்ணில் பதில் வரும். ஆவணம் ஒன்று, மாற்றப் பட்டியல் ஒன்று, பிழை அறிக்கையில் குழப்பமில்லை.

விலையும் உண்டு. ஒரு பேக்கேஜில் ஒரு வரிகூட மாறாமல் அதன் எண் மட்டும் ஏறும். அதைவிடச் சங்கடம், எங்கோ ஓர் ஓரத்தில் இருக்கும் சிறிய மாட்யூலில் ஒரு ஃபங்ஷனை நீக்கினால் குடும்பம் முழுக்க மேஜர் ஏற வேண்டும். அந்த மாட்யூலையே தொடாதவர்களும் 'ஐயோ, மேஜரா!' என்று மேம்படுத்தலைத் தள்ளிப்போடுவார்கள். இதைச் சமாளிக்க ஒழுங்கான கால அட்டவணை உதவும். சிம்ஃபனி ஆண்டுக்கு இருமுறை, மே மாதத்திலும் நவம்பரிலும் வெளியிடுகிறது. உடைக்கும் மாற்றங்களை அடுத்த மேஜர் வரும்வரை சேர்த்துவைக்கிறார்கள்.

ஆங்குலர் 3 எங்கே போனது?

ஒரே எண் கொள்கையைப் பாதி வழியில் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. 2016 செப்டம்பரில் ஆங்குலர் 2.0.0 வந்தபோது கோர், காமன், கம்பைலர் எல்லாம் 2இல் இருந்தன. பக்கங்களுக்கு இடையே நகர உதவும் ரவுட்டர் பேக்கேஜ் மட்டும் அதற்குள் திருப்பித் திருப்பி எழுதப்பட்டு 3க்குப் போய்விட்டது. அதனால் கோர் 2.3.0 என்றால் ரவுட்டர் 3.3.0 என்று பயனர்கள் மனதில் ஒரு கணக்கு வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அடுத்த மேஜரில் கோரை 3 ஆக்கினால் ரவுட்டர் 4 ஆகும், வித்தியாசம் அப்படியே தொடரும். அதனால் அந்த ஆண்டு டிசம்பரில், 3 என்ற எண்ணையே விட்டுவிட்டு எல்லாவற்றையும் 4இல் சந்திக்க வைப்பதாக அறிவித்தார்கள். 2017 மார்ச்சில் 4.0.0 வெளிவந்தது. இதோடு முடியவில்லை. கட்டளை வரிக் கருவியான ஆங்குலர் சிஎல்ஐ அப்போதும் 1.x வரிசையில்தான் இருந்தது. 2018 மே மாதம் அதையும் 1.7இலிருந்து நேராக 6.0க்குத் தாவவிட்டு மற்றவற்றோடு சேர்த்தார்கள்.

எண்ணைத் தாவவிடுவது அசிங்கம் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விட்டுப்போன ஓர் எண்ணால் யாருடைய நிரலும் உடையாது. பொருந்தாத எண்களை ஆண்டுக்கணக்கில் சுமப்பதைவிட ஒருமுறை தாவுவது எவ்வளவோ மேல். உங்கள் குடும்பத்திலும் ஒன்று முன்னே ஓடிவிட்டால், இருப்பதில் பெரிய எண்ணுக்கு அடுத்த மேஜரில் எல்லாரையும் சேர்த்துவிடுங்கள். கீழே இறக்க நினைக்காதீர்கள். சிறிய எண்ணைப் புதிய பதிப்பாக எந்தப் பேக்கேஜ் மேலாளரும் எடுத்துக்கொள்ளாது.

தனித்தனி எண் எப்போது சரி?

குடும்பம் பெரிதாகி, உறுப்பினர்கள் வெவ்வேறு வேகத்தில் வளரும்போது. கூகுள் பிளே சர்வீசஸ், ஃபயர்பேஸ் ஆகியவற்றின் ஆண்ட்ராய்டு லைப்ரரிகள் முன்பு எல்லாமே 11.8.0 போன்ற ஒரே எண்ணில் வந்தன. ஒன்றை மட்டும் மேம்படுத்த வழியில்லை, எல்லாவற்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். 2018இல் 15.0.0 வெளியீட்டிலிருந்து ஒவ்வொன்றும் தன் போக்கில் எண் பெறலாம் என்று மாற்றினார்கள். ஆண்ட்ராய்டு சப்போர்ட் லைப்ரரியும் அதே ஆண்டு இதே பாதையில் போனது. 28.0.0 வரை ஒரே எண், கலந்து போட்டால் 'எல்லாம் துல்லியமாக ஒரே பதிப்பில் இருக்க வேண்டும்' என்று ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ சிவப்புக் கோடு போடும். ஆண்ட்ராய்டுஎக்ஸ் ஆனபோது 1.0.0இலிருந்து ஒவ்வொன்றும் தனியாகத் தொடங்கியது.

அதன் பிறகு நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. தனி எண்கள் வந்ததும் 'எதோடு எது?' என்ற கேள்வி மறுபடி எழுந்தது. அதற்கு ஃபயர்பேஸும், பின்னால் ஆண்ட்ராய்டின் இடைமுகக் கருவியான ஜெட்பேக் கம்போஸும் பிஓஎம் என்ற பட்டியலை வெளியிடத் தொடங்கின. ஒரே எண்ணைக் கைவிட்டவர்களும் கடைசியில் வேறு வடிவில் ஓர் எண்ணைக் கொடுக்க வேண்டியிருந்தது.

பிஓஎம் என்றால் என்ன?

'இவையெல்லாம் சேர்த்துச் சோதிக்கப்பட்டவை' என்ற பட்டியல். ஜாவாவின் பில்டு கருவியான மேவனில் அது நிரல் எதுவும் இல்லாத ஒரு போம் கோப்பு (திட்டத்தின் விவரக் கோப்பு). உள்ளே குடும்பத்தின் ஒவ்வொரு பேக்கேஜுக்கும் ஓர் எண் இருக்கும். பயனர் அந்தப் பட்டியலின் எண்ணை மட்டும் எழுதுவார், மற்றவற்றை எண் இல்லாமலே குறிப்பிடுவார்.

ஜாவாவில் இது வசதி மட்டுமல்ல, அவசியம். ஒரே லைப்ரரியின் இரண்டு பதிப்புகள் வெவ்வேறு வழியாக உள்ளே வந்தால் மேவன் தன் மரத்தில் அருகில் இருப்பதை எடுக்கும், இன்னொரு பில்டு கருவியான கிரேடில் பொதுவாக உயர்ந்த எண்ணை எடுக்கும். இப்படித்தான் ஜாக்சன் டேட்டாபைண்டு புதியதும் கோர் பழையதுமாக மாட்டிக்கொண்டு, பில்டு சுத்தமாக முடிந்து, ஓடும்போது 'அப்படி ஒரு மெத்தட் இல்லை' என்று விழும்.

பட்டியலுக்கு என்ன எண் கொடுப்பது? கம்போஸ் தேதியைக் கொடுக்கிறது, முதல் வரிசை 2022.10.00. ஸ்பிரிங் கிளவுட் முதலில் பெயர் வைத்தது: ஏஞ்சல், பிரிக்ஸ்டன், கேம்டன் என்று லண்டன் சுரங்க ரயில் நிலையங்கள், ஆங்கில அகரவரிசையில். உள்ளே இருக்கும் திட்டங்களின் எண்களோடு குழம்பக் கூடாது என்பதற்காகச் செய்தது. கேட்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஃபின்ச்லி புதியதா கிரீன்விச் புதியதா என்று புதிதாக வருகிறவர் யோசிக்க வேண்டும். ஹாக்ஸ்டனுக்குப் பிறகு 2020.0.0 என்று ஆண்டு எண்ணுக்கு மாறிவிட்டார்கள். என் சிபாரிசும் தேதிதான். பட்டியலுக்கு 3.2.0 என்று எண் வைத்தால் அது உள்ளே இருக்கும் ஏதோ ஒரு பேக்கேஜின் எண் என்று யாராவது நினைத்தே தீருவார்கள்.

மற்ற மொழிகளில் இதற்கு இணையானவை கொஞ்சம் பலவீனமானவை. பைத்தானில் பேக்கேஜ்களை நிறுவும் பிப்புக்குக் கன்ஸ்ட்ரெயின்ட்ஸ் (எண் வரம்புகள்) கோப்பு கொடுக்கலாம். டாட்நெட்டில் மையப்படுத்திய பேக்கேஜ் மேலாண்மை இருக்கிறது, ஆனால் அது ஒரு திட்டத்துக்கு உள்ளே பயன்படுத்தத்தான். ஜாவாஸ்கிரிப்டின் பேக்கேஜ் மேலாளரான என்பிஎம்மில் நேரடியாக இப்படி ஒன்று இல்லை. எல்லாவற்றையும் துல்லிய எண்ணில் சார்ந்திருக்கும் ஒரு தாய்ப் பேக்கேஜை வெளியிடுவது பக்கத்தில் வரும்.

என் குடும்பத்துக்கு எது பொருந்தும்?

ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: இந்தப் பேக்கேஜ்கள் ஒன்றின் உள்பகுதியை இன்னொன்று தொடுகிறதா? ஆவணத்தில் இல்லாத ஃபங்ஷனை அழைக்கிறதா, உள் தரவு அமைப்பைப் பகிர்கிறதா? ஆம் என்றால் ஒரே எண், துல்லியமான சார்பு ('சரியாக இந்த எண்' என்று கேட்பது). வெளிப்படையான இடைமுகம் வழியாக மட்டும் பேசுகின்றன என்றால் தனி எண்ணும் பட்டியலும்.

குழு சிறியது என்றால் சந்தேகம் வரும்போதெல்லாம் ஒரே எண்ணைத் தேர்ந்தெடுங்கள். தனி எண் முறையில் எந்தச் சேர்க்கைகளைச் சோதிப்பது என்ற வேலை வேகமாகப் பெருகும். மூன்று பேர் பராமரிக்கும் திட்டத்தால் அதைத் தாங்க முடியாது.

ஒன்றில் மேஜர் ஏறினால் அதைச் சார்ந்த மற்றொன்றிலும் ஏற வேண்டுமா?

தனி எண் முறையில் மிக அதிகமாகத் தவறு நடக்கும் இடம் இது. பதில், முதலாவதன் டைப்கள் (தரவு வகைகள்) இரண்டாவதன் வெளி இடைமுகத்தில் தெரிகின்றனவா என்பதைப் பொறுத்தது.

உங்கள் 'கட்டணம்' என்ற பேக்கேஜ் உள்ளே மட்டும் 'பணம்' பேக்கேஜைப் பயன்படுத்துகிறது, அதன் ஃபங்ஷன்கள் வாங்குவதும் தருவதும் வெறும் எண்களும் சரங்களும் என்றால், பணம் 1இலிருந்து 2க்குப் போனது கட்டணத்தின் பயனருக்குத் தெரியவே வேண்டாம். பல மொழிகளில் பேட்ச் அல்லது மைனர் ஏற்றினால் போதும். ஆனால் கட்டணத்தின் ஒரு ஃபங்ஷன் பணம் பேக்கேஜின் 'தொகை' டைப்பைத் திருப்பித் தருகிறது என்றால் கதை வேறு. பயனர் கையில் பழைய தொகை இருக்கும், நீங்கள் தருவது புதிய தொகை. உங்கள் நிரலில் ஒரு வரி மாறாவிட்டாலும் அது உடைக்கும் மாற்றம். மேஜர் ஏற்றியே ஆக வேண்டும்.

ரஸ்ட்டில் இது மிகத் தெளிவாகத் தெரியும். ஒரே நிரலுக்குள் ஒரு கிரேட்டின் (ரஸ்ட்டில் பேக்கேஜுக்குப் பெயர்) 1.xஉம் 2.xஉம் பக்கத்தில் பக்கத்தில் இருக்க அதன் பேக்கேஜ் மேலாளரான கார்கோ அனுமதிக்கும். ஆனால் இரண்டின் டைப்களும் ஒரே பெயரில் இருந்தாலும் வேறு வேறு. 'தொகை எதிர்பார்த்தேன், தொகை கிடைத்தது' என்பது போன்ற பிழைச் செய்தியைப் பார்த்துத் திகைத்தவர்கள் பலர். பைத்தானில் இந்தச் சலுகையும் இல்லை. ஒரு சூழலில் ஒரு பதிப்புதான், உள்ளே மட்டும் பயன்படுத்தினாலும் பயனரின் மற்ற தேவைகளோடு மோதும். அதனால் அங்கே உள் சார்பின் மேஜரைக்கூட யோசித்துத்தான் ஏற்ற வேண்டும்.

ரியாக்டில் இரண்டு பிரதி பிரச்சினை என்கிறார்களே?

அதுவும் இதன் உறவுதான். என்பிஎம் ஒரே பேக்கேஜின் இரண்டு பதிப்புகளைத் தயங்காமல் நிறுவிவிடும். ரியாக்ட் இரண்டு பிரதியாக வந்தால் ஹுக்குகள் (ரியாக்டின் சிறப்பு ஃபங்ஷன்கள்) வேலை செய்யாது, 'செல்லாத ஹுக் அழைப்பு' என்ற பிழை வரும். ரியாக்டுக்குக் காம்பொனென்ட் லைப்ரரி எழுதுகிறவர் ரியாக்டைச் சாதாரணச் சார்பாக எழுதக் கூடாது, பியர் டிபென்டென்சியாக எழுத வேண்டும். 'பயனர் எதை வைத்திருக்கிறாரோ அதையே நானும் பயன்படுத்துகிறேன்' என்று பொருள். என்பிஎம் 7 முதல் இவற்றைத் தானாக நிறுவுகிறது, மோதினால் நிறுவலையே நிறுத்துகிறது. அதற்கு முந்தைய சில பதிப்புகளில் வெறும் எச்சரிக்கை மட்டும் வரும், பெரும்பாலானோர் அதைப் படிப்பதே இல்லை.

0.x எண்களில் ஏன் இத்தனை குழப்பம்?

விதிப்படி 0.xஇல் எதுவும் எப்போதும் மாறலாம். ஆனால் கருவிகள் தங்களுக்கென்று ஒரு வழக்கம் வைத்திருக்கின்றன. எதுவரை ஏற்கலாம் என்று சொல்ல ^ குறியை எண்ணுக்கு முன் போடுவார்கள். என்பிஎம்மில் ^1.2.3 என்றால் 2.0.0க்குக் கீழே எதுவும் சரி. ^0.2.3 என்றால் 0.3.0க்குக் கீழே மட்டும். ^0.0.3 என்றால் அந்த ஒன்றே ஒன்று. கார்கோவிலும் இதே கணக்கு. ஆகவே குடும்பத்தில் கோர் 0.8இலும் மற்றவை 1.xஇலும் இருந்தால், ஒரே ^ குறி இரண்டு இடத்தில் இரண்டு பொருள் தருகிறது.

சிலர் வேறு காரணத்துக்காக 0இலேயே தங்குகிறார்கள். கோ மொழியில் 2 முதல் மேஜர் எண் மாட்யூலின் இறக்குமதிப் பாதையிலேயே சேர வேண்டும். மேஜர் ஏறும்போதெல்லாம் பயனர் எல்லாக் கோப்புகளிலும் பாதையை மாற்ற வேண்டியிருக்கும். குபர்னெடிஸ் என்ற கன்டெய்னர் மேலாண்மை அமைப்போடு பேசும் கிளையன்ட்-கோ லைப்ரரி முன்பு 11, 12 என்று போய்க்கொண்டிருந்தது. இப்போது குபர்னெடிஸ் 1.17.0க்கு 0.17.0 என்று எண் பெறுகிறது. நடுவில் இருக்கும் எண்ணைப் பார்த்தாலே எதற்கு எது என்று தெரிந்துவிடும். எனக்கு மிகவும் பிடித்த தீர்வு இது.

எந்தக் கருவியைப் பயன்படுத்துவது?

ஜாவாஸ்கிரிப்ட் என்றால் லெர்னா, சேஞ்ச்செட்ஸ் இரண்டும் பரவலானவை. லெர்னா பேபல் திட்டத்திலிருந்து பிறந்தது. எல்லாருக்கும் ஒரே எண், ஆளுக்கொரு எண் என இரண்டு நிலைகள் அதில் உண்டு. ஒரே எண் நிலையிலும் மாறிய பேக்கேஜை மட்டும்தான் அது வெளியிடும். அதனால்தான் பேபலில் ஒன்று 7.23.2, இன்னொன்று 7.23.0 என்று பார்ப்பீர்கள். இது பிழையல்ல, பிந்தையது நடுவில் மாறவில்லை, அவ்வளவுதான். சேஞ்ச்செட்ஸில் ஒவ்வொரு மாற்றத்தோடும் அது மேஜரா மைனரா என்று ஒரு சிறு கோப்பு எழுத வேண்டும். மாற்றம் செய்தவர் சூடு ஆறும் முன்பே முடிவெடுக்கிறார் என்பதால் எனக்கு இது பிடிக்கும். வெளியீட்டு நாளன்று பழைய கமிட்களைத் தோண்டி ஊகிக்க வேண்டியதில்லை.

பாதிப் பேக்கேஜ்கள் வெளியாகி, பாதியில் நெட்வொர்க் போய்விட்டால்?

என்பிஎம்மில் பல பேக்கேஜ்களை ஒரே மூச்சில் வெளியிடும் வசதி இல்லை. இரண்டு எச்சரிக்கைகள் போதும். முதலில், யாரையும் சாராத பேக்கேஜிலிருந்து தொடங்கி மேலே வாருங்கள். நடுவில் நின்றாலும், இல்லாத ஒன்றைக் கேட்கும் பேக்கேஜ் எதுவும் வெளியே இருக்காது. இரண்டாவது, எல்லாவற்றையும் 'நெக்ஸ்ட்' போன்ற டேகில் (பதிப்புக்கு வைக்கும் பெயர்) வெளியிட்டு, கடைசி ஒன்றும் போய்ச் சேர்ந்த பிறகு 'லேட்டஸ்ட்' டேகை அவற்றுக்கு நகர்த்துங்கள். அதுவரை சாதாரணமாக நிறுவுகிறவர்களுக்குப் பழைய தொகுப்பே கிடைக்கும்.

தவறான எண்ணில் வெளியிட்டுவிட்டேன். அழித்துவிட்டு அதே எண்ணில் மறுபடி போடலாமா?

வேண்டாம். பெரும்பாலான களஞ்சியங்கள் அனுமதிக்கவும் மாட்டா. யாரோ ஒருவரின் லாக் கோப்பில் (நிறுவிய எண்களைப் பதிந்துவைக்கும் கோப்பு) அந்த எண் ஏறியிருக்கும். பைத்தானின் களஞ்சியமான பைபிஐயிலும் கார்கோவிலும் 'யாங்க்' செய்யலாம் (புதிதாக யாரும் எடுக்காதபடி விலக்கலாம்), கோ மொழியில் 1.16 முதல் 'ரிட்ராக்ட்' என்று குறிக்கலாம், என்பிஎம்மில் 'டெப்ரிகேட்' செய்தி வைக்கலாம். அப்புறம் அடுத்த எண்ணை வெளியிடுங்கள்.

ஆர்சி, பீட்டா போன்ற முன்னோட்ட வெளியீடுகளில் கவனிக்க வேண்டியது?

புள்ளியை மறக்காதீர்கள். 2.0.0-ஆர்சி.10 என்று எழுதினால் 10 எண்ணாக ஒப்பிடப்பட்டு 9க்குப் பின் வரும். புள்ளி இல்லாமல் ஆர்சி10 என்றால் எழுத்தாக ஒப்பிடப்பட்டு ஆர்சி9க்கு முன்னால் போய் நிற்கும். இன்னொன்று, ^ குறியோடு ஆர்சி.1ஐக் கேட்டால் ஆர்சி.2உம் உள்ளே வரலாம். முன்னோட்டக் காலத்தில் சகோதரப் பேக்கேஜ்களைத் துல்லிய எண்ணால் கட்டிவையுங்கள்.

பாதுகாப்புத் திருத்தம் அவசரமாக வந்தால் முழுக் குடும்பத்தையும் ஏற்ற வேண்டுமா?

ஜாவா நிரல்களில் நடப்பதைப் பதிவு செய்யும் லாக்4ஜேயை நினைத்துப் பாருங்கள். 2021 டிசம்பரில், ஒரே மாதத்தில், 2.15.0, 2.16.0, 2.17.0, 2.17.1 என்று அடுத்தடுத்து வந்தன. ஓட்டை இருந்தது லாக்4ஜே-கோரில். பயனரின் நிரல் அழைக்கும் இடைமுகமான ஏபிஐ தனி பேக்கேஜ். அந்த அவசரத்தில் ஒன்றை மட்டும் மாற்றலாமா என்று யோசிக்கப் பயனருக்கு நேரமில்லை. இரண்டும் ஒரே எண்ணில் வந்ததாலும் பிஓஎம் தயாராக இருந்ததாலும், அதைப் பயன்படுத்தியவர்கள் ஒரே ஒரு வரியை மாற்றினால் போதுமாக இருந்தது. ஆகவே ஆம், முழுக் குடும்பத்தையும் சேர்த்தே வெளியிடுங்கள்.

இவ்வளவு செய்தும் பயனர் தவறாகக் கலந்தால்?

நிரலே சொல்லட்டும். வியூ 2இல் வியூவும் அதன் டெம்ப்ளேட் கம்பைலரும் வேறு எண்ணில் இருந்தால், இரண்டு எண்களையும் காட்டி 'பதிப்புகள் பொருந்தவில்லை' என்று பில்டு நின்றுவிடும். ரியாக்ட் 19இலும் ரியாக்ட், ரியாக்ட்-டாம் இரண்டும் துல்லியமாக ஒரே எண்ணில் இல்லையென்றால் பிழை எழும். சில வரிகள்தான்: ஒவ்வொரு பேக்கேஜும் தன் எண்ணை ஒரு மாறிலியாக வெளியே காட்டட்டும், தொடங்கும்போது ஒன்று மற்றொன்றைப் படித்துச் சரிபார்க்கட்டும். செய்தியில் இரண்டு எண்களையும், எதை மாற்ற வேண்டும் என்பதையும் எழுதுங்கள். 'பொருந்தவில்லை' என்று மட்டும் சொன்னால் அவர் மறுபடி உங்களிடம்தான் வருவார்.